இடது ஹப் போனால் வலதையும் ஏன் கழற்ற வேண்டும்?

கேள்வி:

வணக்கம் அண்ணா. எனக்கு அரூர் பக்கம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஃபோர் வீல் பிக்கப்பை வைத்து சித்தேரி மலையிலிருந்து சாமை, புளி, மரவள்ளிக் கிழங்கு இறக்குகிறேன். தார் முடிந்த பிறகு நாலைந்து கிலோமீட்டர் மண் பாதை. போன மழையில் சேற்றில் மாட்டி, ஃபோர் வீல் போட்டு முன்னும் பின்னுமாக அசைத்து எடுத்தேன். அப்போது முன்பக்கம் இடதில் 'கடக் கடக்' என்று சத்தம். அன்றிலிருந்து ஃபோர் வீல் போட்டாலும் முன்சக்கரம் இழுப்பதே இல்லை. வண்டியில் இருப்பது ஆட்டோமேட்டிக் ஹப், அதாவது முன்சக்கரத்தின் நடுவில் இருந்துகொண்டு ஆக்ஸிலையும் சக்கரத்தையும் தானாகக் கோத்து விடும் பூட்டு. ஒரு மெக்கானிக், இடது ஹப்பை மட்டும் பழைய சாமான் கடையில் வாங்கிப் போடலாம் என்கிறார். இன்னொருவர், ரெண்டையும் கையால் திருப்பும் ஹப்பாக மாற்றச் சொல்கிறார், அதுதான் உடையாதாம். டிராக்டர் பட்டறைக்காரர் ஒருவர், 'ஹப்பே வேண்டாம், பிளேட் போட்டு நிரந்தரமாக லாக் பண்ணிவிடு' என்கிறார். எதைச் செய்வது? வண்டியைச் சில நாள் நான் ஓட்டுவேன், சில நாள் என் மாமா பையன் ஓட்டுவான்.

பதில்:

தம்பி, நான் ரெண்டாவது ஆள் கட்சி. ரெண்டு பக்கமும் கையால் திருப்பும் ஹப்பைப் போடுங்கள். ஆனால் அது உடையாது என்று அவர் சொன்னாரே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உடையாத ஹப் என்று எதுவும் என் பட்டறைக்கு வந்ததில்லை. நான் சொல்லும் காரணம் வேறு, கடைசிப் பக்கம் வரும்போது புரியும். அதற்கு முன்னால், உடைந்தது ஹப்தானா என்று பார்த்துவிடுங்கள். சத்தம் இடதில் கேட்டது என்பதை வைத்து மட்டும் காசை எடுக்காதீர்கள். இன்ஜின் ஓட்டத்தை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் செயின் பல் தாவினாலும் கடக் என்றுதான் கேட்கும். ஆக்ஸில் ஜாயின்ட் தேய்ந்திருந்தாலும் அப்படித்தான். சத்தம் வண்டியின் அடிப்பக்கம் முழுக்க ஓடும், நம் காது ஏமாறும்.

சோதனை இப்படி. மண் தரையில், தாரில் இல்லை, ஃபோர் ஹை (ஃபோர் வீலின் சாதாரண வேக நிலை) போட்டு நேராகப் பத்திருபது அடி மெதுவாக ஓட்டுங்கள். ரிவர்ஸ் எடுக்காமல் அப்படியே நிறுத்தி, லீவரை ஃபோரிலேயே விட்டு, கியரில் போட்டு, இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் கொடுங்கள். இப்போது இடது முன்சக்கரத்தை மட்டும் ஜாக் ஏற்றி, ஸ்டாண்ட் கொடுத்து, கையால் சுற்றிப் பாருங்கள். ரெண்டு ஹப்பும் நன்றாக லாக் ஆகியிருந்தால் சக்கரம் கொஞ்சம் ஆடி நின்றுவிடும், சுற்றாது. சுற்றினால், உள்ளே ரப்பர் பூட் போட்ட ஆக்ஸிலைப் பாருங்கள். சக்கரம் சுற்றுகிறது, ஆக்ஸில் அசையவில்லை என்றால் போனது இடது ஹப். சக்கரத்தோடு இடது ஆக்ஸிலும் சேர்ந்து சுற்றுகிறது, வலது ஆக்ஸில் எதிர்த்திசையில் திரும்புகிறது என்றால், தம்பி, இடது ஹப் நன்றாக இருக்கிறது. போனது வலது ஹப்! இடது ஆக்ஸில் சுற்றி, வலது ஆக்ஸில் அசையாமல் நின்று, நடுவில் முன் புரொபெல்லர் ஷாஃப்டும் (டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன்பக்கம் வரும் தண்டு) சேர்ந்து சுற்றினால் ஹப்பைத் தொடவே வேண்டாம், டிரான்ஸ்ஃபர் கேஸில் ஃபோர் வீல் விழவே இல்லை என்று அர்த்தம். பிறகு வலது பக்கத்தையும் இதேபோல ஏற்றிப் பாருங்கள். கால் மணி நேர வேலை. இதைச் செய்யாமல் நல்ல ஹப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, மறுபடி சேற்றில் நின்ற வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

வலது ஆக்ஸில் ஏன் எதிர்த்திசையில் சுற்றுகிறது என்று கேட்பீர்கள். முன் கிரவுன், அதாவது ரெண்டு முன் ஆக்ஸிலுக்கும் நடுவே ஓட்டத்தைப் பிரிக்கும் பெட்டி, அதன் உள்ளே இருக்கும் சின்னப் பற்சக்கரங்களின் குணம் அது. எந்தப் பக்கம் எதிர்ப்பு குறைவோ அந்தப் பக்கத்துக்கு ஓட்டத்தை விட்டுவிடும். அதனால்தான் ஒரு ஹப் போனாலும் ரெண்டு முன்சக்கரமும் சேர்ந்து செத்த மாதிரி ஆகிவிடுகிறது. இன்ஜின் தரும் ஓட்டம் முழுக்க, ஹப் போன பக்கத்து ஆக்ஸிலைச் சும்மா சுற்றுவதில் போய்விடும். அடுத்த பக்கம் நல்ல சக்கரம் தரையைப் பிடித்தபடி தேமேயென்று நிற்கும். உங்கள் வண்டி முன்பக்கம் கொஞ்சம்கூட இழுக்கவில்லை என்கிறீர்களே, அதற்கு ஒரு ஹப் போனாலே போதும்.

சரி, சோதனையில் ஹப்தான் என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது ஏன் போனது?

ஆட்டோமேட்டிக் ஹப்புக்குக் கண் கிடையாது. நீங்கள் ஃபோர் வீல் போட்டீர்களா என்று அதற்குத் தெரியாது. ஆக்ஸில் சுற்ற ஆரம்பித்தால், உள்ளே ஒரு பிடிப்பான் கேமை, அதாவது சரிவு வெட்டிய ஒரு பாகத்தை, இழுத்து நிறுத்தும். கேமின் சரிவில் ஏறி, பல் வைத்த வளையம் வெளியே நகர்ந்து சக்கரத்தோடு கோக்கும். டூ வீலுக்கு மாற்றி, வண்டியை நேராகக் கொஞ்ச தூரம் பின்னால் எடுத்தால் அதே வளையம் சரிவில் இறங்கி விட்டுவிடும். அதாவது, சுற்றும் திசை மாறினால் விடு என்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே பாடம். நீங்கள் சேற்றில் முன்னும் பின்னுமாக அசைத்தீர்கள். ஒவ்வொரு தடவை திசை மாறும்போதும் வளையம் விட்டிருக்கும். ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் முழு வேகத்தில் திரும்பக் கோத்திருக்கும். பல் முழுசாக உட்காருவதற்குள் பாரம் வந்து விழுந்தால் முனை உடையும், கேம் நசுங்கும், பிடிப்பானின் ஸ்பிரிங் போகும். நீங்கள் கேட்ட கடக் கடக் அதுவாகத்தான் இருக்கும். உங்கள் மேல் தப்பு சொல்லவில்லை. சேற்றில் மாட்டினால் எல்லோரும் அப்படித்தான் அசைப்போம்.

இன்னொரு விஷயம், உங்களுக்கு இதுதான் முக்கியம். சில ஆட்டோமேட்டிக் ஹப்கள் இறக்கத்தில் விட்டுவிடும். லோவில் (ஃபோர் வீலின் மெதுவான நிலை) போட்டு, இன்ஜின் பிடிப்பில் இறங்கும்போது, இன்ஜின் சக்கரத்தைத் தள்ளாமல் சக்கரம் இன்ஜினைத் தள்ளும். விசை தலைகீழாக மாறுகிறது. அப்போது வளையம் நழுவினால், இன்ஜின் பிடிப்பு முழுக்கப் பின்சக்கரத்துக்குத்தான். நீங்கள் ஏறும்போது காலி வண்டி, இறங்கும்போதுதான் கிழங்கு மூட்டை. ஈரச் செம்மண் இறக்கத்தில் பாரத்தோடு பின்சக்கரம் மட்டும் பிடித்தால் வால் விலகும். ஏற்றத்தில் வண்டி நின்றால் இறங்கி டீ குடிக்கலாம், இறக்கத்தில் விட்டால் அப்படி இல்லை.

இப்போது மூன்று பேர் சொன்னதையும் பார்ப்போம்.

பழைய சாமான் கடையில் ஒற்றை ஆட்டோமேட்டிக் ஹப்: வேண்டாம். அதன் உயிர் உள்ளே இருக்கும் பிடிப்பானிலும் ஸ்பிரிங்கிலும் கேமின் சரிவிலும் இருக்கிறது. வெளியே துடைத்து வைத்தால் எல்லா ஹப்பும் புதுசு மாதிரித்தான் இருக்கும். தேய்மானம் திறந்து பார்த்தாலும் பழகிய கண்ணுக்குத்தான் தெரியும். அப்படியே நல்லது கிடைத்தாலும், இடது பக்கம் ஒரு வேகத்தில் கோக்கும், தேய்ந்த வலது பக்கம் இன்னொரு வேகத்தில் கோக்கும். அடுத்த மழையில் வலது பக்கத்துக்குக் கேள்வி எழுதுவீர்கள்.

பிளேட்: டிராக்டர் பட்டறைக்காரரைக் கிண்டல் பண்ணாதீர்கள், அவர் சொன்னது பைத்தியக்காரத்தனம் இல்லை. ஹப் இருக்கும் இடத்தில் ஒரு இரும்பு பிளேட்டைப் போட்டு ஆக்ஸிலையும் சக்கரத்தையும் நிரந்தரமாகக் கட்டிவிடுவது பழைய ஜீப் காலத்து வழி. இரண்டாம் உலகப் போர் முடிந்து ராணுவ ஜீப்கள் ஜனங்கள் கைக்கு வந்தபோது, முன்பக்கம் அப்படித்தான் எப்போதும் கோத்திருக்கும். தார் ரோட்டில் ஓட்டும்போது தேவையில்லாமல் முன் ஆக்ஸில், கிரவுன், ஷாஃப்ட் எல்லாம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைத் தவிர்க்கத்தான் அமெரிக்காவில் ஆர்தர் வார்ன் என்பவர் 1948-இல் கழற்றிக் கோக்கும் ஹப்பைச் செய்து விற்க ஆரம்பித்தார். வார்ன் என்ற பெயரில் ஹப்பும், மாட்டிய வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் வின்ச்சும் இன்றும் வருகிறது.

பிளேட்டில் நகரும் பாகமே இல்லை, அதனால் கெட்டுப்போகவும் ஒன்றும் இல்லை. விலையும் மூன்றில் அதுதான் குறைவு. ஆனால் அரூர் போய் வரும் தார் ரோடு முழுக்க உங்கள் முன்பக்க ஆக்ஸில், ரப்பர் பூட், ஆயில் சீல் எல்லாம் சுற்றித் தேயும். டீசலும் கொஞ்சம் போகும், அது பெரிய கணக்கு இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், ஹப் என்பது ஒரு வகையில் ஃப்யூஸ். கல்லில் சக்கரம் இடுக்கி நிற்கும்போது நீங்கள் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எதாவது ஒன்று உடைய வேண்டும். ஹப் உடைந்தால் நாலு போல்ட், ஆறு போல்ட், அரை நாள் வேலை. இரும்பு பிளேட் உடையாது. அப்போது உடைவது ஆக்ஸில் ஜாயின்டாகவோ முன் கிரவுனாகவோ இருக்கும், செலவும் அந்த அளவுக்கு இருக்கும். முழு நாளும் மலை மேலேயே ஓடுகிற வண்டிக்கு நான் பிளேட் போட்டுக் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கு முக்கால்வாசி தூரம் தார்.

ஆக, கையால் திருப்பும் ஹப். இதில் கோப்பது நீங்கள் திருப்பும் டயல், சுற்றும் திசை இல்லை. முன்னே போனாலும், பின்னே வந்தாலும், இறக்கத்தில் இன்ஜின் பிடித்தாலும், லாக்கில் இருந்தால் லாக்தான். அசைத்து எடுப்பதால் அது விட்டுவிடாது. இதற்கு இருக்கும் ஒரே குறை, யாராவது இறங்கிப் போய்த் திருப்ப வேண்டும். மழையில், சேற்றில், சில சமயம் ராத்திரி. சேற்றில் இறங்கிய பிறகு திருப்பப் போனால் டயல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது, முழங்கை வரை சேறு. இங்கேதான் உங்களுக்கு ஒரு வசதி. உங்கள் மண் பாதை எங்கே ஆரம்பிக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். தார் முடியும் இடத்தில் ஒரு நிமிஷம் நிறுத்தினால் போதும். எந்த நேரம் சேறு வரும் என்று தெரியாத வண்டிக்கு ஆட்டோமேட்டிக் சௌகரியம். தினமும் ஒரே இடத்தில் சேறு ஆரம்பிக்கிற வண்டிக்கு அந்தச் சௌகரியம் எதற்கு? நான் முதலில் சொன்ன காரணம் இதுதான்.

கடைக்குப் போகும்போது வண்டியின் பெயரையும் மாடலையும் மட்டும் சொல்லி ஹப் வாங்காதீர்கள். செகண்ட் ஹேண்ட் வண்டி, முன்னாடி வைத்திருந்தவர் எந்த ஆக்ஸிலை மாட்டினாரோ! ஹப்பைக் கழற்றி, பழசைக் கையோடு எடுத்துப் போங்கள். போவதற்கு முன் ஆக்ஸில் முனையில் இருக்கும் ஸ்பிளைன் பற்களை எண்ணுங்கள். ஒரு பல்லில் சாக்பீஸ் தீற்றி அங்கிருந்து எண்ணினால் தப்பாது. ஆக்ஸில் முனையின் குறுக்களவு, போல்ட் எத்தனை, எதிரெதிர் போல்ட்டுகளுக்கு நடுவே எவ்வளவு தூரம், ஹப் உட்காரும் முகத்திலிருந்து ஆக்ஸில் முனை எவ்வளவு வெளியே வருகிறது, இவ்வளவையும் ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பற்களின் எண்ணிக்கை ஒன்று மாறினாலும் ஏறாது, அது நல்லதுதான், அங்கேயே தெரிந்துவிடும். ஆழம் மாறினால்தான் ஆபத்து. ஹப் உட்கார்ந்த மாதிரி இருக்கும், ஆனால் ஆக்ஸில் முனை உள்ளே இடித்துக்கொண்டே இருக்கும், அல்லது பாதிப் பல்தான் பிடிக்கும்.

பலர் கோட்டை விடும் இடம் இன்னொன்று. சில வண்டிகளில் ஆட்டோமேட்டிக் ஹப்பின் கேம், சக்கர பேரிங்கை இறுக்கிப் பிடிக்கும் நட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். வெளி மூடியை மட்டும் கழற்றி அதன் மேல் கையால் திருப்பும் ஹப்பை மாட்ட முடியாது. உள்ளே இருக்கும் கேமை எடுக்க வேண்டும், பேரிங் நட்டும் பூட்டு வாஷரும் வேறு மாதிரி போட வேண்டும். மாற்றிப் போடும் செட்டாகவே வாங்கினால் அந்த நட்டு, வாஷர், கேஸ்கெட், சர்க்கிளிப் எல்லாம் சேர்ந்து வரும். ஹப் மட்டும் தனியாக மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி வந்து, நட்டு இல்லாமல் என் பட்டறை வாசலில் ரெண்டு நாள் நின்ற வண்டி உண்டு. பேரிங் நட்டைக் கழற்றினால் பேரிங்கையும் திரும்ப செட் பண்ண வேண்டும். அதற்கான இறுக்க அளவு வண்டிக்கு வண்டி வேறு, கம்பெனி புத்தகத்தைப் பார்த்து டார்க் ரெஞ்சில் வைக்கச் சொல்லுங்கள். 'கை அளவு தெரியும்' என்று சொல்பவரிடம் இந்த ஒரு வேலையை மட்டும் கொடுக்காதீர்கள்.

எங்கே வாங்குவது? சேலத்தில் கேட்டுப் பாருங்கள். அங்கே கிடைக்காவிட்டால் பெங்களூர் ஜே.சி. ரோடு. பிரேசில் நாட்டு ஏ.வி.எம். ஹப்கள் நம் நாட்டு வண்டிகளுக்கு நிறைய பேர் போடுகிறார்கள், நானும் போட்டிருக்கிறேன். எந்தப் பெயராக இருந்தாலும் கடையிலேயே டயலைப் பத்து தடவை திருப்பிப் பாருங்கள். ரெண்டு முனையிலும் 'டக்' என்று உட்கார வேண்டும், நடுவில் சொரசொரப்பு கூடாது. பின்பக்கம் பார்த்தால் வளையம் முழுசாக வெளியே வந்து, முழுசாக உள்ளே போக வேண்டும். உலோக டயலா, பிளாஸ்டிக் டயலா என்றால், கல் பாதைக்கு உலோகம். இன்னொன்று, புது ஹப் உங்கள் ரிம்மின் நடு ஓட்டை வழியே வெளியே வர இடம் இருக்கிறதா, டயர் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். நீட்டினால் மலைப் பாதையில் ஓரக் கல் முதலில் அதைத்தான் தேடி வரும்.

மாட்டும்போது கிரீஸ் பற்றி ஒரு வார்த்தை. இது நானே பட்டது. பட்டறை ஆரம்பித்த புதிதில் ஒரு வண்டிக்கு ஹப் மாட்டினேன். கிரீஸ் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று நினைத்து, ஹப் முழுக்கத் திணித்து மூடினேன். அந்த வண்டியிலேயே ஒருநாள் பஞ்சப்பள்ளி பக்கம் சின்னாற்று மணலில் இறங்கினோம். ரெண்டு டயலும் லாக் என்றுதான் காட்டின. வண்டி புதைந்ததுதான் மிச்சம். டயல் திரும்பியது, ஆனால் உள்ளே கெட்டிக் கிரீஸ் வளையத்தைத் தடுத்துவிட்டது, ஸ்பிரிங்கால் தள்ள முடியவில்லை. டிராக்டர் வைத்து இழுத்தார்கள். ஓனர் வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை, திட்டியிருந்தால்கூடத் தேவலை. கிரீஸ் கட்டி கட்டியாகப் போக வேண்டிய இடம் சக்கர பேரிங். ஹப்பின் பற்களுக்கும் வளையத்துக்கும் விரலால் பூசிய மாதிரி மெல்லிய பூச்சு போதும்.

ஹப் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கச் சொல்லுங்கள். முதல் ரெண்டு நடை முடிந்ததும் திரும்ப ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். ஓட்டத்தின் பாரம் முழுக்க அந்தப் போல்ட்டுகள் இறுக்கிப் பிடிக்கும் பிடியில்தான் நிற்கிறது, ஒன்று தளர்ந்தால் மீதி எல்லாம் வரிசையாக அறுந்துவிடும்.

ஓட்டும் விஷயத்தில், மாமா பையனையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லுங்கள். தார் முடியும் இடத்தில் நிறுத்தி, ரெண்டு டயலையும் லாக்குக்கு முழுசாகத் திருப்ப வேண்டும். பாதியில் விட்டால் பல் நுனி மட்டும் பிடித்து அரைக்கும். ஒன்று லாக், ஒன்று ஃப்ரீ என்று விடக்கூடாது. விரலால் திரும்பவில்லை என்றால் கட்டிங் பிளேயரை எடுக்கக்கூடாது. வண்டியை ஒரு அடி நகர்த்தினால் பல்லுக்குப் பல் நேராகி, தானாகத் திரும்பும்.

ஹப்பை லாக்கில் வைத்துவிட்டு தார் ரோட்டில் ஓடினால் என்ன ஆகும் என்று நிறைய பேர் பயப்படுகிறார்கள். லீவர் டூ வீலில் இருக்கும் வரை ஒன்றும் ஆகாது, முன் ஆக்ஸில் சும்மா சுற்றும், அவ்வளவுதான். மழைக்காலத்தில் காலையில் லாக் போட்டு சாயங்காலம் கழற்றினால்கூடப் போதும். தாரில் போடக்கூடாதது லீவரில் இருக்கும் ஃபோர் ஹையும் ஃபோர் லோவும். வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு தூரம் போகும். மண்ணில் சறுக்கிச் சரிசெய்துகொள்ளும், தாரில் சறுக்க வழியில்லாமல் ஷாஃப்ட் முறுக்கேறும், லீவர் பிடித்துக்கொண்டு வராது. அப்படி ஆனால் லீவரை உடைக்கப் பார்க்காமல் நேராகக் கொஞ்சம் பின்னால் எடுங்கள், விட்டுவிடும்.

தண்ணீரில் இறங்கினால் ஹப்பைத் திறந்து பார்க்கும் பழக்கம் வேண்டும். ஓடிச் சூடான ஹப் ஓடைத் தண்ணீரில் சட்டென்று குளிரும்போது உள்ளே காற்று சுருங்கும். ஓ-ரிங் தளர்ந்திருந்தால் தண்ணீரை உறிஞ்சிவிடும். கிரீஸ் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. துடைத்து, மண்ணெண்ணெயில் கழுவி, காயவைத்துப் புது கிரீஸ் பூசுங்கள், ஓ-ரிங்கையும் மாற்றுங்கள். வெயில் காலத்தில் ஃபோர் வீல் தேவைப்படாது என்று மாசக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். மாதம் ஒரு தடவையாவது மண்ணில் லாக் போட்டு ஒரு கிலோமீட்டர் ஓட்டினால் முன் கிரவுனுக்கும் எண்ணெய் ஏறும், டயலும் இறுகாது.

அப்புறம், கழற்றிய வலது ஆட்டோமேட்டிக் ஹப்பை எடைக்குப் போடாதீர்கள். சோதனையில் அது நன்றாக இருந்தால், கழுவி, கிரீஸ் தடவி, எண்ணெய்த் துணியில் சுற்றி வையுங்கள். அதே மாடலை வைத்துக்கொண்டு, ஹப்பை மாற்றாமல் ஓட்டும் யாராவது ஒருநாள் தேடி வருவார்கள். எந்தப் பக்கத்தது என்று அதன் மேல் எழுதி வைக்க மறந்துவிடாதீர்கள்.